தாமரை குவிந்திருந்தது, கேமரா மங்கியது: இரண்டுக்கும் பதில்

மூன்று மணிக்குத் தாவரவியல் பூங்காவுக்குப் போனதாகவும், குளம் முழுக்க மொட்டுதான் தெரிந்ததாகவும், கண்ணாடிக் குடிலுக்குள் லென்ஸ் மங்கிப் படமே எடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

தாமரை விடியலில் விரியும், நண்பகலை ஒட்டிக் குவியத் தொடங்கிவிடும். நீங்கள் பார்த்தவற்றில் பல, காலையில் மலர்ந்து மூடியவையாகவே இருக்கும். ஒரு பூ மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடும். முதல் நாள் கிண்ணம் போலப் பாதிதான் விரியும். படத்துக்கு ஏற்றது இரண்டாம் நாள் பூ. நடுவில் உள்ள பொகுட்டு (விதைகள் உருவாகும் பகுதி) மஞ்சளாக இருந்தால் பூ புதிது, பச்சைக்கு மாறியிருந்தால் இதழ் உதிரும் நேரம் நெருங்கிவிட்டது. ஆகவே பூங்கா திறந்தவுடன் நேரே குளத்துக்குப் போங்கள், மரங்களைப் பிறகு பார்க்கலாம்.

அல்லியில் இரவில் பூக்கும் வகைகளும் உண்டு. தாம்பாள இலை விரிக்கும் ராட்சத அமேசான் அல்லி முதல் மாலை வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் மாலை இளஞ்சிவப்பாகிவிடும். மாலையில் சீக்கிரம் பூட்டும் பூங்காவில் அது விரிவதைப் பார்ப்பது கடினம்தான்.

மங்கலுக்குக் காரணம், ஏசி காரில் குளிர்ந்துபோன லென்ஸில் குடிலின் ஈரக்காற்று பட்டு நீராகப் படிவது. துடைத்துப் பயனில்லை, உடனே திரும்பப் படியும். கேமராவை ஜிப் பையில் மூடியபடியே உள்ளே கொண்டுபோய், அரை மணி நேரம் கழித்து எடுங்கள். அங்கே லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. ஈரம் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சார் வரை போய்விடும்.