வாயில்லாச் சீவனும் வீட்டு ஆளுதான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 68 வயசு. முற்றம் வச்ச பெரிய வளவு வீட்டுல தனியா இருக்கேன். மகன் சிங்கப்பூர்ல, மக சென்னையில. மகன் இந்தத் தடவை வந்தப்ப, ‘ஒங்களுக்குத் துணைக்கு ஒரு லேப்ரடார் குட்டி வாங்கித் தாரேன்’னு ஒத்தக் கால்ல நின்னான். எங்க தெருவுல ஒரு செவலை நாய் இருக்கு, தெனமும் எங்க வீட்டுத் திண்ணையிலதான் வந்து படுக்கும், காலையில ரெண்டு இட்லி போடுவேன். ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா’ன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாக. என்ன செய்யட்டும்? (கானாடுகாத்தான் வாசகி)

பதில்: ஆச்சி, கண்டிப்பா தேவைதான். ஆனா லேப்ரடார் குட்டி வேணாம், அந்தச் செவலையவே உள்ள கூப்பிட்டுக்கங்க. லேப்ரடார் தங்கமான நாய், அதுல ரெண்டு பேச்சே இல்ல, ஆனா வளந்தா 30 கிலோ வந்துரும், மொத ரெண்டு வருஷம் அது போடுற ஆட்டத்துக்கு ஈடுகுடுக்க வயசுப் பிள்ளைகளாலயே முடியாது, முகப்புப் படியில நிக்கிறப்ப கயித்த ஒரு வெட்டு வெட்டி இழுத்துச்சுன்னா நீங்க கீழ விழுந்துருவீக. இடுப்பு மூட்டுத் தொந்தரவு அதிகமா வர்ற சாதி வேற அது, நம்ம ஆத்தங்குடி கல்லுத் தரையோ வழவழன்னு இருக்கும், அதுல சறுக்கிச் சறுக்கி ஓடுனா வயசான காலத்துல எந்திரிச்சு நிக்கவே பாடுபடும். சித்திரை வெயிலையும் யோசிங்க. நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கத் தொங்கப் போட்டு மூச்சு எரைச்சுத்தான் சூட்டை எறக்கும், மேல அடர்த்தியா ரெண்டு அடுக்கு முடியோட அது படுற அவஸ்தைய பாக்க முடியாது.

செவலை நம்ம ஊரு வெயில்லயே பொறந்து வளந்தது. தெருவுல யாரு நல்லவுக, யாரு கல்லெறியிறவுகன்னு அதுக்குத் தெரியும். ஒங்களத் தேர்ந்தெடுத்ததே அதுதான, இட்லிய வேற எங்க போனாலும் போடுவாக, ஆனா படுக்குறது ஒங்க திண்ணையிலதான்! மொத வேலையா ஆட்டோ வச்சு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, வெறிநாய்க்கடி ஊசி போடுங்க, அத வருஷா வருஷம் மறக்காம போடணும், வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுங்க, கருத்தடை ஆபரேஷனுக்கும் கேட்டு வச்சுக்கங்க. வாரத்துக்கு ஒரு நாள் காது மடல் உள்பக்கமும் கால் வெரல் சந்தும் பிரிச்சுப் பாருங்க, உண்ணி அங்கதான் போயி ஒளிஞ்சுக்கும்.

சாப்பாடு விஷயத்துல ஒண்ணு. இட்லி போடுறது தப்பில்ல, ஆனா அது மட்டும் பத்தாது, சோத்துல உப்பு ஒறைப்பு இல்லாம வேகவச்ச முட்டையோ கோழிக்கறியோ பிசைஞ்சு வைங்க. நம்ம வீட்டுக் கொழம்ப மட்டும் ஊத்தாதீங்க, சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாம நமக்குக் கொழம்பு ஏது, அது ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவ ஒடைச்சுரும். வேகவச்ச கோழி எலும்பு சில்லு சில்லா ஒடைஞ்சு கொடலக் குத்தும். பாயசத்துல போடுற ஒலர் திராட்சை கிட்னியக் கெடுக்கும், மகன் வாங்கியார்ற சாக்லேட்டும் ஆகாது.

சரி, சந்தோஷத்துக்கு வருவோம், அதுதான் முக்கியம். நான் கால்நடை டாக்டரா வேலை பாத்த காலத்துல இந்தப் பக்கம் பல வீடுகளுக்குப் போயிருக்கேன், அவ்ளோ பெரிய வீட்டுல தனியா இருக்குற ஆச்சிமாரு ‘எனக்கு ஒருத்திக்கு எதுக்கு அடுப்புப் பத்தவைக்கணும்’னு ரெண்டு வாழைப்பழத்தத் தின்னுட்டுப் படுத்துர்றத பாத்துருக்கேன். அதே ஆச்சி வீட்டுக்கு ஒரு நாய் வந்துருச்சுன்னா சாயங்காலம் அது வந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும், அதுக்காகவாச்சும் ஒல வைப்பாக, வச்சதுல தானும் ஒரு வாய் சாப்பிடுவாக. பேச்சுத் தொணையும் ஆச்சு. 2015ல ஜப்பான்ல ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, நாயும் வளக்குறவுகளும் ஒருத்தர ஒருத்தர் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு பேரு ஒடம்புலயும் ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோன் கூடுதாம், தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் ஊற வைக்கிற ஹார்மோன் அது, மனுசங்க கையில வளந்த ஓநாய்க்குக் கூட அப்படி வரலையாம். வைரவருக்கு வாகனமே நாய்தான்னு வைரவன்பட்டியில போயிக் கும்பிடுற ஊரு நம்மளுது, அதுனால பக்கத்து வீட்டுப் பேச்ச விடுங்க.

மகன்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கிக்கங்க. நீங்க சிங்கப்பூர் போற மாசங்கள்ல செவலைக்குச் சோறு தண்ணி வைக்க ஒரு ஆளு, அதுக்கு மாசச் சம்பளம். குட்டி வாங்குற காச இதுக்குக் குடுக்கச் சொல்லுங்க.

கேள்வி: எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல பூனை நாலு குட்டி போட்டுருக்கு. பிள்ளைக அத விட்டு நகர மாட்டேங்குதுக. ஆனா மூத்திர நாத்தம் தாங்கல, கல்லுல கறை வேற. ஆசிட் ஊத்திக் கழுவிட்டு பூனையக் கொண்டுபோயி விட்டுறலாம்னு அயித்தை சொல்றாக. (தேவகோட்டை வாசகி)

பதில்: ஆசிட்டும் வேணாம், கொண்டுபோயி விடவும் வேணாம். ஆத்தங்குடி கல்லு சூளையில சுட்டது கெடையாது, சிமெண்டும் மணலும் கலர் ஆக்ஸைடும் கண்ணாடி மேல வார்த்து எடுக்குறது, ஆசிட் பட்டா மேல் பக்கம் அரிச்சுப் பூவேலையே மங்கிப் போயிரும், எலுமிச்சம் பழச் சாறும் வினிகரும் கூட ஆகாது. சாதா சோப்புத் தண்ணி விட்டுத் தொடைச்சு, பெட் ஷாப்ல என்சைம் கிளீனர்னு கேட்டு வாங்கி ஊத்தி கொஞ்ச நேரம் ஊறவிடுங்க, நாத்தத்த அதுதான் அடியோட எடுக்கும். அமோனியா கலந்த கிளீனர் வாங்கிறாதீங்க, அந்த வாசம் மூத்திர வாசம் மாதிரியே இருக்கும், பூனை திரும்பவும் அதே எடத்துக்குத்தான் வரும்.

ஒரு பழைய ட்ரேயில மணல் போட்டு மூலையில வைங்க, சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வேணாம். பூனைக்கு மணலக் கண்டாலே தோண்டணும், குட்டிக மூணு நாலு வாரத்துல தாயப் பாத்து அதுகளே பழகிரும். எட்டு வாரம் வரைக்கும் குட்டியத் தாய்கிட்ட இருந்து பிரிக்காதீங்க, தாய்க்கு சீக்கிரமே கருத்தடைக்கு டாக்டரப் பாருங்க, பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும்.

பிள்ளைகளுக்கு ஒரு வெளையாட்டு சொல்லிக் குடுங்க. தாய்ப்பூனை நிதானமா உக்காந்திருக்கும்போது கொஞ்சம் தள்ளி உக்காந்து அத பாத்து மெதுவா கண்ண மூடி மெதுவா தொறக்கணும். 2020ல இங்கிலாந்துல இத சோதிச்சுப் பாத்தாங்க, அப்படிச் செஞ்சா பூனையும் பதிலுக்குக் கண்ண மெதுவா சிமிட்டுச்சு, கிட்டக்கவும் வந்துச்சு. அயித்தையையும் பக்கத்துல உக்கார வச்சுச் செய்யச் சொல்லுங்க, ஒரு தடவை பூனை பதில் சொல்லிருச்சுன்னா அப்பறம் கொண்டுபோயி விடுற பேச்சே வராது. காய்ச்சல்னு பூனைக்கு பாராசிட்டமால் மட்டும் குடுத்துறாதீங்க, ஒரு மாத்திரையே உயிர எடுத்துரும்.

கேள்வி: சந்தையில பச்சைக்கிளி விக்கிறாங்க, வாங்கி வளத்தா பேசுமா? (காரைக்குடி கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, பேசும், ஆனா வாங்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளிய கூண்டுல வளக்குறது குத்தம், நட்சத்திர ஆமையும் அப்படித்தான். நீங்க ஒண்ணு வாங்குனா கூட்டுல இருந்து இன்னொரு குஞ்சத் தூக்குவாங்க. மாடியில ஒரு மண் சட்டியில தண்ணியும் கொஞ்சம் கம்பும் வைங்க, கிளி வருதோ இல்லையோ மைனா, அணில், தவிட்டுக் குருவி எல்லாம் கண்டிப்பா வரும். வீட்டுல பறவை இருந்தே ஆகணும்னா கடையில லவ் பேர்ட்ஸ்னு விக்கிற குட்டிக் கிளி இருக்கு, ஆஸ்திரேலியாவச் சேந்தது, சோடியா அகலமான கூண்டுல வைங்க. அடுப்படி பக்கம் மாட்டாதீங்க, நான்ஸ்டிக் தவா அதிகமா சூடேறுனா வர்ற புகையில பறவை செத்துப் போயிரும்.

கேள்வி: மஞ்சுவிரட்டுக் காளை வச்சிருக்கோம், புலிக்குளம் மாடு. வேத்து ஆள் மாட்டுக் கசாலைக்குள்ள கால் வச்சா மண்ணக் கிளறுது, எங்க 12 வயசு மக கிட்டப் போனா மட்டும் பூனை மாதிரி நிக்கிது. அது எப்படி? மக ரொம்ப நெருங்கிப் பழகுறது ஆபத்தா? (சிராவயல் பக்கத்து விவசாயி)

பதில்: படிக்கவே நல்லாருக்குண்ணே. மாடு ஆள அடையாளம் வச்சுக்கும், குரலு, வாடை, நடை, மொகம் எல்லாத்தையும். கன்னுக்குட்டியில இருந்து தவிடும் தண்ணியும் காட்டுனது யாரு, சத்தம் போடாம தடவிக் குடுத்தது யாருன்னு அது மறக்காது. ஒங்க மக அதுக்குக் கழுத்தடியில, தாடைக்குக் கீழ தொங்குற அந்தத் தொள தொள சதையில தடவிக் குடுக்குதான்னு பாருங்க, அங்க தடவுனா மாடு கழுத்த நீட்டி, காதத் தொங்கவிட்டு, கண்ணப் பாதி மூடிக்கும். மாடுக ஒண்ணுக்கொண்ணு நக்கிக் குடுத்துக்கிறதும் பெரும்பாலும் தலை கழுத்துப் பக்கந்தான், பாப்பாவ அது தன் கூட்டத்துல ஒண்ணாத்தான் வச்சிருக்கு.

ஆனா எல்லையும் வேணும். ரெண்டு வயசு வாக்குல காளைக்கு முறுக்கு ஏறும், அப்பறம் எவ்வளவு பாசமா இருந்தாலும் வெளையாட்டா தலைய ஆட்டுனாலே பிள்ளைக்கு அடி பட்டுரும். சொவத்துக்கும் காளைக்கும் நடுவுல பாப்பா நிக்கக் கூடாது. நேர் பின்னாடி இருந்து போகக் கூடாது, மாட்டுக்குச் சுத்தி வர கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், நேர் பின்பக்கம் தெரியாது, திடீர்னு கை பட்டா மெரண்டு ஒதைக்கும். பக்கவாட்டுல, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே போகச் சொல்லுங்க. செவப்புத் துணி கட்டுனா முட்டும்னு சொல்றத நம்பாதீங்க, மாட்டுக்குச் செவப்பு பிரிஞ்சு தெரியாது, துணி ஆடுறதுதான் கண்ணுல படும்.

மாட்டுப் பொங்கலுக்கு ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். ஆசை ஆசையா பானைப் பொங்கலையும் அள்ளி அள்ளி வைக்காதீங்க. ஒரே நேரத்துல அவ்வளவு அரிசி உள்ள போனா மாட்டோட பெரிய வயித்துல அமிலம் கூடி, அசை போடுறது நின்னு, படுத்துரும், சாவு வரைக்கும் போயிருக்கு. வாழை எலையில ஒரு கை, சாமிக்குப் படைச்ச மாதிரி, அது போதும், மிச்சத்துக்குப் புல்லும் கரும்புத் தோகையும் போடுங்க.

கேள்வி: 13 வருஷமா கூட இருந்த நாய் போன மாசம் செத்துப் போச்சு. பேரன் சரியா சாப்பிட மாட்டேங்கிறான். ‘ஒரு நாய்க்குப் போயி இப்படியா’ன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க. ஒடனே இன்னொரு குட்டி வாங்கிக் குடுத்துறலாமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: ஐயா, 13 வருஷமா அந்த வீட்டுல இருந்த ஒரு உசுரு அது, அவனுக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அது இல்லாத வீட்டையே அவன் பாத்ததில்ல. அவன் அழுகுறதுல ஒரு கொறையும் இல்ல, அழட்டும், நீங்களும் அவன் முன்னாடி அழுதா தப்பில்ல. ‘ஊருக்குப் போயிருக்கு’, ‘தூங்குது’ன்னு சொல்லி வச்சிருந்தா மொதல்ல அத மாத்திச் சொல்லுங்க, வயசாயிருச்சு, ஒடம்பு முடியல, செத்துப் போச்சுன்னு நேராச் சொல்லுங்க, இல்லேன்னா பிள்ளை வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான். பொதைச்ச எடத்துல ஒரு செடி வைக்கச் சொல்லி அவன் கையில குடுங்க. போன்ல இருக்குற போட்டோவ பிரிண்ட் போட்டு மாட்டுங்க. ராத்திரி அதோட சேட்டைகளப் பத்திப் பேசுங்க, செருப்பத் தூக்கிட்டு ஓடுனது, ஐயா வண்டிச் சத்தம் தெருமுக்குல கேட்டதும் எந்திரிச்சு நின்னதுன்னு ஒங்களுக்குத்தான் நெறைய தெரியும்.

புதுக் குட்டி இப்ப வேணாம். இப்ப வந்தா அந்தக் குட்டிய பழைய நாயாட்டம் இல்லையேன்னு எல்லாரும் எடை போட்டுக்கிட்டே இருப்பீக, பாவம் அது. பேரன் தானா ஒரு நாள் கேப்பான், அப்ப வாங்குங்க. சரியா சாப்பிடாம, பள்ளிக்கூடம் போகாம இருக்குறது நீடிச்சா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: தீபாவளி வந்தாலே எங்க நாய் கட்டிலுக்கு அடியில போயி நடுங்குது, போன வருஷம் வீட்ட விட்டே ஓடிப் போயி மறுநாள் கெடைச்சுச்சு. வழி சொல்லுங்க. (சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் வாசகி)

பதில்: ஒங்க பக்கத்துலயே வேட்டங்குடி இருக்கேம்மா, 1977ல பறவைகள் சரணாலயமா ஆக்குன எடம், கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி சனங்க பறவைக மெரண்டுறக் கூடாதுன்னே தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. தீபாவளி அன்னைக்கு நாயக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா போயிருங்க, அதவிட நல்ல மருந்து இல்ல.

போக முடியாதுன்னா வீட்டுலயே உள்ளடங்குன ரூம் ஒண்ண ஒதுக்கி, சன்னலச் சாத்தி, பேன் போட்டு, டிவியவோ ரேடியோவையோ சத்தமா வைங்க. கட்டிலுக்கு அடியில போனா இழுக்காதீங்க, அது பத்திரம்னு நெனைக்கிற எடம் அது. நீங்க பக்கத்துல உக்காருங்க, வந்து ஒரசுனா தடவிக் குடுங்க, தடவிக் குடுத்தா பயம் கூடும்னு சிலர் சொல்வாங்க, அப்படியெல்லாம் இல்ல. காத்தாலயே, வெடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நடக்கக் கூட்டிப் போயிட்டு வந்துருங்க. ரொம்ப நடுங்குற நாய்க்கு மாத்திரை இருக்கு, ஆனா டாக்டர் எடை பாத்துத்தான் குடுக்கணும், நம்ம தூக்க மாத்திரையக் குடுக்கக் கூடாது. காலர்ல போன் நம்பரத் தைச்சுக் கட்டுங்க, தீபாவளிக்கு மொத வாரமே, ஏன்னா வெடி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுரும்.