12 நாளாக நிற்காத கழிச்சல், ரிப்போர்ட் மட்டும் ‘நார்மல்’

கேள்வி: என் 6 வயது மகனுக்கு ரத்தப் புற்றுநோய். இப்போது தினமும் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து. 12 நாளாகத் தண்ணீராகப் போகிறது. சில வேளை பச்சையாக இருக்கிறது. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். கடையில் கேட்டு மெட்ரோனிடசோல் 5 நாள் கொடுத்தேன், கேட்கவில்லை. நோய் திரும்பிவிட்டதா? நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை.
– ஒரு தாய், மன்னார்குடி அருகே

பதில்: கழிச்சலை வைத்து ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். நெட்டை மூடுங்கள். பச்சை நிறமும் ஒன்றுமில்லை. குடல் வேகமாகத் தள்ளும்போது பித்தம் நிறம் மாற நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், நள்ளிரவானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாசலிலேயே “கீமோ எடுக்கும் பிள்ளை” என்று சொல்லுங்கள். வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் குடலிலிருக்கும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

இனி அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட். சாதாரண மலப் பரிசோதனையில் புழு முட்டை, அமீபா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஆகியவற்றைத்தான் தேடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வாட்டும் கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) என்ற ஒட்டுண்ணி சுமார் 5 மைக்ரான்தான், ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியது. சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ஆசிட் ஃபாஸ்ட் சாயத்தைச் சற்று மாற்றிப் போட்டால்தான் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். சீட்டில் அதை எழுதாவிட்டால் பெரும்பாலும் யாரும் அந்தச் சாயத்தைத் தொட மாட்டார்கள். ‘மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கிருமி தினமும் வெளியேறாது என்பதால் 3 வெவ்வேறு நாள் மலம் வேண்டும். டயப்பரில் வழித்தோ, சிறுநீர் கலந்தோ தராதீர்கள். ஜியார்டியாவையும் மறுபடி பார்ப்பார்கள். தண்ணீர் மலத்தில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். பேருந்தில் எடுத்துப்போவதைவிட ஆய்வகத்திலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது.

மெட்ரோனிடசோல் கிரிப்டோவைத் தொடவே தொடாது. கடைக்காரர் தந்ததை இனிக் கொடுக்க வேண்டாம். கழிச்சலைக் கட்டும் மாத்திரையும் வேண்டாம். கிரிப்டோ என்று உறுதியானால் நிடாசோக்சனைடு என்ற மருந்து உண்டு. ஆனால் எதிர்ப்புச்சக்தி குறைந்த பிள்ளைக்கு அது மட்டும் போதாமல் போகலாம். கீமோ அளவை மாற்றுவதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார். அடுத்த மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன் அவருக்கு போன் செய்யுங்கள். உடலில் நீர் வற்றினால் அந்த மருந்து சிறுநீரில் வெளியேறாமல் தங்கிவிடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் கொடுக்கவும் வேண்டாம்.

1 லிட்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக 1 லிட்டரில் கரையுங்கள்; டம்ளருக்குக் கொஞ்சம் என்று கொட்டினால் உப்பு ஏறிவிடும்.

தொட்டியில் போடும் குளோரினுக்கு இந்தக் கிரிப்டோ கிருமி அசையாது, சானிடைசருக்கும் அப்படியே. தளதளவென்று 1 நிமிடம் கொதித்த தண்ணீருக்குத்தான் சாகும். குடிக்க வெந்நீர் கொடுத்துவிட்டு, ராத்திரி சோற்றில் அடிபம்புத் தண்ணீரை ஊற்றிக் காலையில் நீராகாரம் கொடுத்தால் என்ன பயன்? கொல்லையில் கழியும் கன்றுக்குட்டி இருந்தால் மகனை அந்தப் பக்கம் விடாதீர்கள். சாணம் அள்ளியவர் சோப்பு போட்டுக் கழுவாமல் அவனுக்கு ஊட்டவும் கூடாது.