பார்க்கும் கைக்கு என்ன கொடுப்பது?

அன்புள்ள அண்ணனுக்கு,

லூனாஸிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்காகவும் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்காகவும் பழைய கேம் கடை மெஷின் மாதிரி ஒரு பலகை செய்தேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட், இரண்டு ஜாய்ஸ்டிக், எட்டுப் பொத்தான். சண்டை விளையாட்டுகள் அருமையாக ஓடுகின்றன. ஆனால் டூம், குவேக் மாதிரி ஆளின் கண்ணாலேயே பார்த்துச் சுடும் துப்பாக்கி ஆட்டம் போட்டால் யாராலும் ஆட முடியவில்லை. வலது ஜாய்ஸ்டிக்கால் திரும்பினால் குறி எதிரியைத் தாண்டிப் போகிறது. வேகத்தைக் குறைத்தால் திரும்புவதற்குள் செத்துப்போகிறோம். விலை கூடிய ஜப்பான் ஜாய்ஸ்டிக் வாங்கச் சொல்கிறார் நண்பர். வாங்கினால் சரியாகுமா? ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதிப் போடும் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றும் கையில் இருக்கிறது.

லூனாஸ் வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். அந்தக் காசு வேறு வேலைக்கு ஆகும்.

உங்கள் ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் போட்டு அடியில் பாருங்கள். தண்டைச் சுற்றி நான்கு சின்ன சுவிட்சுகள் இருக்கும். இடப்பக்கம் தள்ளினால் ஒன்று 'டிக்' என்று அமுங்கும். எந்தப் பக்கம் தள்ளினோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. ஸன்வா மாதிரி ஜப்பான் ஜாய்ஸ்டிக் வாங்கிப் போட்டாலும் அதே நான்கு சுவிட்சுதான், டிக் கொஞ்சம் சுத்தமாக இருக்கும். நடப்பதற்கு இது போதும். குறி பார்ப்பதற்கு 'எவ்வளவு' என்பதுதான் வேண்டும். மவுஸில் கை ஒரு விரல்கடை நகர்ந்தால் பார்வை அதற்கேற்பத் திரும்புகிறது, கை நின்றால் அதுவும் நிற்கிறது. ஜாய்ஸ்டிக்கில் நீங்கள் விடும்வரை பார்வை சுற்றிக்கொண்டே இருக்கும். வேகத்தை எப்படி மாற்றி வைத்தாலும் இந்தக் குறை போகாது.

அதனால் இடது ஜாய்ஸ்டிக் இருக்கட்டும். வலதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு டிராக்பால், அதாவது உள்ளங்கையால் உருட்டும் பந்து, வையுங்கள். இது புதிய யோசனை இல்லை. 1980இல் அடாரியின் மிசைல் கமாண்ட் பந்தை உருட்டித்தான் குறி பார்த்தது. 1999இல் சேகா கேம் கடைகளுக்குக் கொடுத்த அவுட்டிரிகர், துப்பாக்கி ஆட்டத்துக்கென்றே ஜாய்ஸ்டிக்கையும் டிராக்பாலையும் சேர்த்து வந்தது. டூம் மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் இன்னும் மலிவான வழி உண்டு. 1993இல் வந்த அந்த விளையாட்டில் மேலும் கீழும் குறி பார்க்க வேண்டியதில்லை, உயரத்தில் நிற்பவனை நோக்கிக் குண்டை அதுவே ஏற்றிவிடும். திரும்பினால் போதும். அதற்கு ஒரு சுழல் குமிழ் செய்துவிடலாம். தண்டு சுழலும் அளவை மின்துடிப்பாகச் சொல்லும் என்கோடர் ஒன்றை, சுற்றுக்கு 600 துடிப்பு தருவதாக வாங்கி, அதன் தண்டில் கனமான உலோகக் குமிழை மாட்டுங்கள். அதிலிருந்து துடிப்பு வரும் இரண்டு கம்பிகளின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் சுற்றுக்கு 2400 கிடைக்கும். மேலும் கீழும் பார்க்கும் குவேக்கையும் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதால் நான் பந்தையே சொல்வேன்.

உங்களிடம் இருப்பது ஆர்3 வரையான பழைய ஊனோ என்றால் இதற்கு ஆகாது. அதன் முக்கிய சிப் யுஎஸ்பியில் நேராகப் பேசாது. லியோனார்டோ அல்லது புரோ மைக்ரோ வாங்குங்கள், இரண்டிலும் ஏடிமெகா 32யு4 சிப். கணினிக்கு அது கீபோர்டாகவும் மவுஸாகவும் தன்னைக் காட்டிக்கொள்ளும். கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். டிராக்பாலிலிருந்து வரும் நான்கு சிக்னல் கம்பிகளையும் போர்டில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட கால்களில் (பின்களில்) கொடுங்கள். அவை இன்டரப்ட் கால்கள், சிக்னல் மாறிய கணமே சிப்பைக் கவனிக்கவைக்கும். வேறு காலில் கொடுத்தால் வேகமாக உருட்டும்போது எண்ணிக்கை விட்டுப்போய், பார்வை எதிர்ப்பக்கம் துள்ளும். பொத்தான்களுக்கு 5 மில்லிசெகண்ட் பொறுத்துப் படிக்கச் சொல்லலாம். பந்துக்கு அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், சுடும் பொத்தான். நான் முதலில் செய்த பலகையில் அதைப் பந்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன், கட்டைவிரலுக்கு வாகாக இருக்கட்டும் என்று. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு ஐந்தடித் தாழ்வாரத்தில் ஒரு மாதம் பிள்ளைகள் ஆடினார்கள். நன்றாகக் குறி பார்த்துவிட்டுக் கடைசி நொடியில் தவறவிட்டார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் கவனித்தேன். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் உள்ளங்கை பந்தை ஒரு நூல் தள்ளிவிட்டது. பார்க்கிற கையையே சுடவும் சொல்லியிருந்தேன். சுடுவதை இடக்கைக்கு மாற்றிய அன்றைக்கே குறி நின்றது. நீங்களும் இடது ஜாய்ஸ்டிக்கை, விமானக் கைப்பிடி மாதிரி விசை வைத்ததாக மாற்றிவிடுங்கள். துப்பாக்கியில் குண்டு நிரப்புவதைக் காலுக்குக் கொடுக்கலாம். 1995இல் நாம்கோவின் டைம் கிரைசிஸ் மெஷினில் மிதியிலிருந்து காலை எடுத்தால் ஆள் பதுங்கிக் குண்டு நிரப்பிக்கொள்வான். பிள்ளைகள் அதைக் கால்மணி நேரத்தில் பழகிவிடுவார்கள்.

இரண்டு கைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் பலகையில் எனக்கு அதிகம் கவலை தருகிறது. சண்டை ஆட்டப் பலகையை ஒருவருக்கென்று பார்த்துச் செய்தால் இரண்டு கையும் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். துப்பாக்கி ஆட்டத்தில் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்காருவார்கள், கை தோளுக்கு நேராக இறங்க வேண்டும். என் அம்மா முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். தன் கத்தியின் பிடியில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றி வைத்திருந்தார், சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் தடிப்பாக. அடுத்த நிரைக்காரர் அவசரத்துக்குக் கேட்டாலும் தரமாட்டார், அவர் கத்தியையும் வாங்கமாட்டார். மற்றவர் பிடியில் வெட்டினால் நாலு மரத்திலேயே மணிக்கட்டு பிடித்துக்கொள்ளும் என்பார். பலகையை வெட்டும் முன் எனக்கு அந்த டியூப் சுற்றிய பிடிதான் நினைவுக்கு வரும்.

அதனால் துளை போட அவசரப்படாதீர்கள். மீ (நூடுல்ஸ்) வரும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மேசையில் விரியுங்கள். தம்பியை உட்காரவைத்து, கண்ணை மூடி இரண்டு கையையும் போடச் சொல்லுங்கள். விழுந்த இடத்தில் பென்சிலால் சுற்றி வரையுங்கள். லயத்துப் பிள்ளைகளில் ஒரு சின்னவனையும் ஒரு பெரியவனையும் அதே அட்டையில் வேறு நிறத்தில் வரையுங்கள். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் பந்துக்கு.

இன்னொன்று. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் தண்டு மேலே போதுமான அளவு வராது, ஜாய்ஸ்டிக் உட்காரும் இடத்தை அடியிலிருந்து குடைந்து மெலிதாக்க வேண்டும். அழுத்தி மாட்டும் பொத்தான்களும் அந்தத் தடிமனில் பிடிக்காது, மரை போட்டு இறுக்கும் வகையை வாங்குங்கள். முன் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுங்கள், பிள்ளைகளின் முழங்கை முழுக்க அதில்தான் கிடக்கும்.

அட்டையில் வரைந்ததும் படம் பிடித்து அனுப்புங்கள். அளவைப் பார்த்துவிட்டுத் துளைகளைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்