கேள்வி–பதில்: திரும்பிப் போன மாலுமியும் போகாத எழுத்தாளரும்

கேள்வி: கடலும் ஜப்பானும் சேர்ந்து வருகிற எழுத்து ஏதாவது சொல்லுங்களேன். சாமுராய், வாள்வீச்சு எல்லாம் வேண்டாம், அலுத்துவிட்டது.

பதில்: எனக்கும்தான். ஜப்பானுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட லாஃப்காடியோ ஹேர்ன் என்ற ஆங்கில எழுத்தாளரைப் படியுங்கள். ஆனால் அவரிடம் போகும் முன் பியேர் லோட்டி என்கிற பிரெஞ்சுக்காரரைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவது நல்லது, அப்போதுதான் ஹேர்ன் என்ன செய்தார் என்பது புரியும்.

லோட்டி கடற்படை அதிகாரி. 1885 கோடையில் அவருடைய போர்க்கப்பல் பழுதுபார்ப்பதற்காக நாகசாகியில் ஒரு மாதம் போல நின்றது. அந்த ஒரு மாதத்துக்கு, தரகர் வைத்துப் பணம் பேசி, ஒரு ஜப்பானியப் பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். வந்துபோகும் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு அங்கே இப்படி ஓர் ஏற்பாடு அப்போது இருந்தது. அதை வைத்து எழுதியதுதான் 'மதாம் கிரிசாந்தெம்' நாவல். ஐரோப்பாவில் ஓகோவென்று ஓடியது, வான்கோ அதைப் படித்துவிட்டு அதிலிருந்த 'மூஸ்மே' (இளம்பெண்) என்ற சொல்லைத் தன் ஓவியம் ஒன்றுக்குத் தலைப்பாகவே வைத்துவிட்டார். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஓர் இடம். கப்பல் கிளம்பப்போகிற நாளில், கதைசொல்லியான அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். உள்ளே அவள் பாடிக்கொண்டே, அவன் கொடுத்த வெள்ளி நாணயங்களைத் தரையில் போட்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டி, நல்ல காசா கள்ளக் காசா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதைசொல்லிக்கு இது கேலி. எனக்கோ புத்தகம் முழுக்கப் பொம்மையாக இருந்த பெண் அங்கேதான் மனுஷியாகிறாள்.

ஹேர்னும் லோட்டியும் ஒரே வருடம், 1850-இல் பிறந்தவர்கள். ஹேர்ன் பிறந்தது லெஃப்காடா என்ற கிரேக்கத் தீவில், அம்மா கிரேக்கர், அப்பா அயர்லாந்துக்காரர். அமெரிக்காவில் பத்திரிகை வேலை பார்த்தபோது லோட்டியை மொழிபெயர்த்துப் போட்டவரும் இவர்தான், அவ்வளவு பிரியம். 1890 ஏப்ரலில் யோகோஹாமாவில் கப்பலிலிருந்து இறங்கினார். ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் வந்தார், கூட வந்த ஓவியருக்குத் தன்னைவிட அதிகப் பணம் என்று தெரிந்ததும் கோபத்தில் அந்த உறவை முறித்துக்கொண்டார். நல்ல கோபம்! மட்சுவே என்ற ஊரில் ஆங்கில ஆசிரியரானார், நொடித்துப்போன சாமுராய் குடும்பத்துப் பெண் செட்சுவைக் கல்யாணம் செய்தார், 1896-இல் ஜப்பானியக் குடிமகனாகி கொய்சுமி யாகுமோ என்று பெயரை மாற்றிக்கொண்டார். திரும்பிப் போகவே இல்லை, 1904-இல் டோக்கியோவில்தான் இறந்தார்.

கேள்வி: அவர் கடலில் போனது அந்த ஒரு தடவைதானா? பிறகு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாரா?

பதில்: உட்காரவில்லை, நீந்தினார். சிறு வயதிலேயே இடது கண் போய்விட்டது, இன்னொன்றிலும் பார்வை மட்டம், ஆனால் தண்ணீரில் இறங்கினால் மீன். யாய்சு என்ற மீனவர் ஊரில் ஒரு மீன் வியாபாரி வீட்டு மாடியில் கோடைகளைக் கழித்தார். குளிக்க வசதியான கரை அல்ல, மணலே கிடையாது, எல்லாம் கூழாங்கல், இறங்கிய உடனே ஆழம். அதுதான் அவருக்குப் பிடித்தது.

அங்கே ஓர் ஆண்டு, இறந்தவர்களை வழியனுப்பும் 'போன்' என்ற திருவிழாவின் கடைசி இரவு. விளக்குகளைக் கடலில் விடும்போது பார்க்கலாம் என்று காத்திருந்தவர் தூங்கிப்போனார். எழுந்து பார்த்தால் விளக்குகள் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருக்கின்றன. வேறு யாராக இருந்தாலும் அடடா என்று கரையில் நின்றிருப்போம். இவர் இருட்டில் குதித்து, பின்தங்கிய விளக்குகளை எட்டிப்பிடித்து, ஒன்றைக் கிட்டத்தில் பார்த்து எழுதியிருக்கிறார்: ஒரு சதுரப் பலகை, நான்கு மூலையிலும் குச்சி, சுற்றிலும் வண்ணக் காகிதம், பலகையின் அடியிலிருந்து அடித்த நீள ஆணியில் செருகிய மெழுகுவத்தி. கரையில் நின்றவருக்கு அந்த ஆணி தெரிந்திருக்காது.

கேள்வி: சுனாமி வருவதைக் கண்டு தன் நெற்கட்டுகளுக்குத் தீ வைத்து ஊரைக் காப்பாற்றிய பெரியவர் கதை அவர் எழுதியதா? உண்மைச் சம்பவமா?

பதில்: அவர் எழுதியதுதான், பாதி உண்மை. 1896-இல் ஜப்பானின் வடகிழக்கே சன்ரிகு கடற்கரையில் ஏறக்குறைய 22,000 பேரை அலை கொண்டுபோனது. அந்தச் செய்தி வந்த கையோடு எழுதினார். நாம் 2004-இல் கற்றுக்கொண்ட 'சுனாமி' என்ற சொல்லை ஆங்கில வாசகர்களிடம் அன்றே கொண்டுபோனது இந்தக் கதை. இதில் மலைமேல் பேரனோடு நிற்கும் கிழவர், கடல் பின்வாங்குவதைப் பார்த்துத் தீ வைக்கிறார், அணைக்க ஓடிவந்த ஊர் பிழைக்கிறது.

நிஜத்தில் அவர் ஹமாகுச்சி கோர்யோ, சம்பவம் 1854-இல், அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயதுதான். முதல் அலை அடித்த பிறகு, இருட்டில் வழி தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டுக்கு வழிகாட்டத்தான் வைக்கோலைக் கொளுத்தினார். பிறகு கைக்காசைப் போட்டு ஏறக்குறைய 600 மீட்டர் நீளத்துக்குக் கடலோரம் கரை கட்டினார், 1946 சுனாமியில் ஊரின் பெரும்பகுதியை அது காப்பாற்றியது. ஹேர்ன் இந்தக் கரையை விட்டுவிட்டுத் தீயை மட்டும் பிடித்துக்கொண்டார். கதைக்குத் தீ போதும் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த மண்கரை மேல்தான் மரியாதை.

கேள்வி: ஜப்பானிய மொழி அவருக்கு நன்றாகத் தெரியுமா?

பதில்: சுமார்தான். வீட்டில் அவரும் செட்சுவும் பேசியது உடைந்த ஜப்பானியம், 'ஹேர்ன் பாஷை' என்றே அதற்குப் பெயர். யாய்சுவிலிருந்து மனைவிக்குக் கடகனா எழுத்தில் கடிதம் போடுவார், நடுநடுவே சின்னப் படங்களோடு.

கேள்வி: அப்புறம் எப்படி அத்தனை பேய்க்கதைகள்?

பதில்: செட்சுவால். பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கிப் படித்து, இரவில் விளக்கைத் தணித்துவிட்டு அவர்தான் கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பது ஹேர்னின் கண்டிப்பு. கேட்கும்போதே முகம் வெளிறிப்போகுமாம்.

'காதற்ற ஹோயிச்சி' அவற்றில் ஒன்று. 1185-இல் டான்-நோ-உரா கடற்போரில் ஹெய்கே என்ற சாமுராய் குலம் குழந்தைச் சக்கரவர்த்தியோடு மூழ்கி அழிந்தது. அந்தப் போரை பிவா என்ற நரம்பு வாத்தியம் மீட்டிப் பாடும் கண் தெரியாத ஹோயிச்சியைத் தேடி, செத்த ஹெய்கேக்காரர்களே வருகிறார்கள். இதை எழுதிய நாட்களில் ஒரு மாலை, விளக்கு ஏற்றாமல் ஹேர்ன் உட்கார்ந்திருந்தாராம். செட்சு பக்கத்து அறையிலிருந்து மெல்ல "ஹோயிச்சி, ஹோயிச்சி" என்று கூப்பிட, நான் குருடன், நீங்கள் யார் என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம். இரவில் தோட்டத்து மூங்கில் சலசலத்தால் ஹெய்கேக்காரர்கள் மடிகிறார்கள் என்பார். காற்று அடித்தால், அது டான்-நோ-உரா அலை.