இறந்த பிறகு வந்த பட்டம்

அன்புள்ள ஐயா,
கொரியாவில் ஜொசன் அரசை நிறுவியவரின் மூத்த மனைவி, கணவர் அரியணை ஏறும் முன்பே இறந்துபோனார், அரசிப் பட்டம் பிறகுதான் வந்தது என்று போன கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இறந்தவருக்குப் பட்டம் கொடுத்து என்ன பயன்? வெறும் சடங்குதானே?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த அம்மாவை ஒரே வரியில் கடந்துபோனது என் தவறுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் வரலாற்றில் இல்லை. ஆன்பியோன் ஊரின் ஹான் குலத்துப் பெண், அவ்வளவுதான். பிறந்தது 1337. வடகிழக்கு எல்லைப் படைத்தலைவர் யி சொங்-கேயை மணந்து, ஆறு மகன்களும் இரண்டு மகள்களும் பெற்றார். கணவர் கொள்ளையரோடும் படையெடுத்து வந்தவர்களோடும் போரிட்டே காலம் கழித்தவர். ஹாம்ஹுங் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது இவர்தான்.

ஜொசனுக்கு முன் கொரியாவை ஆண்ட கொர்யோ அரசின் அதிகாரிகளுக்கு ஊரில் ஒரு மனைவி, தலைநகரில் ஒரு மனைவி என்று இருப்பது வழக்கம். யி சொங்-கேயும் தலைநகரில் செல்வாக்கான காங் குலத்துப் பெண்ணை மணந்தார். ஹான் ஊர் மனைவியாகவே இருந்தார்.

1388-இல் யி சொங்-கே வடக்கு எல்லை ஆற்றிலுள்ள விஹ்வா தீவிலிருந்து படையைத் திருப்பிக்கொண்டு தலைநகரை நோக்கி வந்தார். இது அரசருக்கு எதிரான கலகம். குடும்பம் பிடிபட்டால் பணயம்தான். ஹானின் ஐந்தாவது மகன் பாங்-வொன், அம்மாவும் சிற்றன்னை காங்கும் இருந்த போச்சொன் ஊருக்கு ஓடினார். வேலையாட்கள் ஏற்கெனவே ஓடிப்போயிருந்தார்கள். இருவரையும் கூட்டிக்கொண்டு வடகிழக்கே கிளம்பினார். இருவரையும் குதிரையில் ஏற்றி இறக்கியதும் அவரேதான், சமைத்த உணவை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ஊட்டிக் காத்ததும் அவரேதான் என்று அரச ஆவணம் சொல்கிறது. சிற்றன்னையின் சின்னப் பையன் பாங்-சொக்கும் கூட வந்தான். மூத்தாள், இளையாள், இரண்டு பேரின் பிள்ளைகள், எல்லோரும் ஒரே பாதையில், ஒரே பயத்தில். அந்தப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஹான் 1391-இல் இறந்தார். அடுத்த ஆண்டே கணவர் அரசரானார். காங் அரசியானார். பட்டத்து இளவரசனாக அறிவிக்கப்பட்டது அவருடைய மகன், அந்தச் சின்னப் பையன் பாங்-சொக். அரசு அமையப் பாடுபட்ட ஹானின் மகன்கள் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. 1396-இல் காங்கும் போய்விட்டார். 1398-இல் பாங்-வொன் கலகம் செய்தார். பாங்-சொக் கொல்லப்பட்டான், அவன் அண்ணன் பாங்-பொன்னும்தான். பத்து வருடம் முன்பு பாங்-வொன் கூட்டிக்கொண்டு ஓடிய அதே தம்பிதான் பாங்-சொக்.

அந்த ஆண்டுதான் ஹானுக்கு 'சின்உய் அரசி' என்ற பட்டம் வந்தது. இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அம்மா அரசி என்றால்தான் மகன்கள் உரிமையுள்ள வாரிசுகள். பட்டம் கொடுத்தது அவருடைய இரண்டாவது மகன், அப்போதுதான் அரசரானவர். அவருக்கு அடுத்து பாங்-வொன் வந்தார். சிற்றன்னையின் கல்லறையை நகருக்கு வெளியே மாற்றினார். அதன் கற்கள் ஒரு பாலத்துக்குப் போயின. சியோல் நகரில் சொங்கேச்சொன் ஓடைமேல் உள்ள குவாங்தொங் பாலத்தில் அந்தச் சிற்பக் கற்களை இன்றும் பார்க்கலாம். சில தலைகீழாக இருக்கின்றன. காங்குக்குப் பறிபோன அரசி என்ற மரியாதை முழுதாகத் திரும்பியது 1669-இல்.

ஆகவே இதை வெறும் சடங்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓர் அம்மாவின் பட்டத்துக்காக இன்னோர் அம்மாவின் பட்டம் பறிபோயிருக்கிறது. ஹான் அதைக் கேட்டாரா என்றால், கேட்க அவர் உயிரோடில்லை. மகன்களின் குற்றத்தை அவர் தலையில் ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அவருடைய கல்லறை ஜேருங் இன்று வடகொரியாவில், கேசொங் அருகே இருக்கிறது. கணவருடையது தெற்கே, குரி நகரில். கணவரின் அந்தக் கல்லறை மேட்டில் மட்டும் வழக்கமான புல்வெளி கிடையாது; நாணல் போன்ற உயரமான புல். ஹாம்ஹுங்கிலிருந்து கொண்டுவந்து நட்டது என்கிறார்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் வெட்டுகிறார்கள்.

அன்புடன்.