ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே…

கேள்வி: 2021-ல் கொரோனாவில் என் கணவரின் அண்ணன் இறந்தார். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. இன்றும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இவருக்குக் கை நடுங்குகிறது. விளக்குத்தூண் ஜவுளிக்கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்துவிடுகிறார். பைத்தியம் என்பார்களோ?
- வாசகி, செல்லூர், மதுரை

பதில்: யாரும் அப்படிச் சொல்லக் கூடாதும்மா. வாய்க்கரிசி போட்டு, காரியம் முடித்து, அழுது தீர்க்க வேண்டிய துக்கம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. தொற்றின் முதல் ஆண்டிலேயே மனச்சோர்வும் பதற்றமும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அவர் தனி ஆள் இல்லை. ராத்திரி தூங்குகிறாரா, கவனியுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களும் கூடவே போங்கள். வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் போடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். ஆடி அமாவாசைக்கு அண்ணன் படத்துக்கு அவர் கையாலேயே மாலை போடச் சொல்லுங்கள். அழுதால் தடுக்காதீர்கள்.