பாராட்டு மனதில் ஒட்டவில்லை, கணினிப் பயிற்சி உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 34. மனச்சோர்வுக்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், ஓரளவு தேவலை. ஆனாலும் பத்துப் பேர் பாராட்டினாலும் மனதில் ஒட்டுவதில்லை. ஒருவர் குறை சொன்னால் ராத்திரி வரை அதுவே ஓடுகிறது. இதை மாற்றக் கணினிப் பயிற்சி இருக்கிறதாமே? அதைச் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம் என்கிற அளவுக்கு இது முக்கியம். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டிய மருந்து இது. நிறுத்தும்போதும் மருத்துவர் சொல்படி மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

பாராட்டு ஒட்டாமல் போவது உங்கள் குணக்கோளாறு இல்லை, நோயின் வேலை. எந்தப் பொத்தானை அழுத்தினால் அதிகம் பரிசு கிடைக்கும் என்று பழகிக் கண்டுபிடிக்கும் சோதனைகளில், மனச்சோர்வு உள்ள பலர் பரிசு தரும் பக்கம் மெதுவாகத்தான் சாய்கிறார்கள். நல்லது நடந்தும் மூளை அதைக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

நீங்கள் கேட்ட பயிற்சியில் ஒரு வகை இப்படி: திரையில் ஒரு முகம் கண நேரம் வந்து மறையும். சிரிப்பா, சோகமா என்று பிடிபடாத முகம். நீங்கள் 'சோகம்' என்று அழுத்தினால், 'தவறு, அது மகிழ்ச்சி' என்று கணினி திருத்தும். திரும்பத் திரும்பச் செய்தால் முகங்களைப் படிக்கும் விதம் மாறுகிறது, உண்மைதான். மனநிலை அதே அளவுக்கு மாறுவதில்லை. இந்த மாதிரிப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வந்த அலசலும் பலன் சிறிது என்றே சொன்னது. கூடுதலாகச் செய்து பார்ப்பதில் தவறில்லை. சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் நடந்துகொள்ளும் விதத்தையும் பேசிப் பழகி மாற்றும் சிகிச்சை. அதில் ஒரு பயிற்சியை இன்றே தொடங்கலாம். ஒரு வேலைக்கு முன் 'என்ன ஆகும் என்று நினைக்கிறேன்' என எழுதுங்கள்: "எல்லோரும் முகம் சுளிப்பார்கள்." முடிந்ததும் நடந்ததை அப்படியே, சொன்னவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். ராத்திரிக்குத் தள்ளிப்போடாதீர்கள், அதற்குள் நினைவு நிறம் மாறிவிடும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். இடையில் 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வந்தால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.